எழுதியவர் போன பின்னும் பயன்படும் நிரல்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கையில் மடிக்கணினியுடன் வந்தாள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவள். "மாமா, குக்கரஹள்ளி ஏரி ரோட்டு மேலே ஏறி நிக்குது. என்ன செய்யறதுன்னே தெரியலே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, நான்கு நாளில் புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும்.

பழைய சர்வே வரைபடத்திலிருந்து ஏரியின் கரையைக் கோடாக எடுத்திருந்தாள். அந்தக் கோட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் தண்ணீரின் விளிம்பில் அது உட்காரவில்லை. ஒரு பக்கம் சாலையைத் தாண்டியது, மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. இரண்டையும் பொருத்துவதற்கு அவள் கல்லூரியில் ஒரு நிரல் உண்டாம். முன்பு படித்த மாணவர் ஒருவர் எழுதியது. அதன் நடுவே சில எண்கள் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன, எதற்காக என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. எழுதியவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். நிரல் இருக்கிறது, விளக்கம் சொல்ல ஆள் இல்லை.

இது ஒரு மாணவியின் தொல்லை மட்டும் அன்று. நிலம், நீர், காடு, சாலை இவற்றைப் பற்றிய விவரங்களைக் கணிப்பொறியில் வைத்துக் கணக்கிடும் எல்லா நிறுவனங்களுக்கும் உள்ள தொல்லை. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு நிரல் எழுதுகிறார்கள். எழுதியவர் மாறிப் போனதும் அதை மூலையில் போடுகிறார்கள். அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். ஓரிடத்தில் எழுதியதை மற்றோர் இடத்தில் பயன்படுத்துவது எப்படி, அதற்கு என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பாடம்.

நம் ஊர்ப் பக்கத்தில் தொடங்கிய கதை

இப்பாடத்தின் முதல் அத்தியாயம் மைசூருக்கு ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குகிறது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த போரில் ஆங்கிலேயப் படையில் இருந்தவர் வில்லியம் லாம்டன். போர் முடிந்ததும் மைசூர் நாட்டை அளக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. லாம்டன் அதைவிடப் பெரிய திட்டமொன்றை முன்வைத்தார்: தென்னிந்தியா முழுவதையும் முக்கோண வலை போட்டு அளப்பது.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே முதல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே மேற்கே வந்தார். 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டைத் தனியாக அளந்து, சென்னையிலிருந்து வந்த கணக்கோடு ஒப்பிட்டார். ஏறத்தாழ ஏழு மைல் நீளத்தில் வேறுபாடு சில அங்குலமே! அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது மோதிச் சேதமானதும், அதை அவரே உட்கார்ந்து சீர்செய்ததும் பலரும் அறிந்த செய்தி.

நமக்கு வேண்டியது அந்தக் கருவியன்று; அவருடைய பழக்கம். எந்தக் கோணத்தை எப்படி அளந்தேன், எந்தத் திருத்தத்தை எதற்காகச் செய்தேன் என்பதையெல்லாம் எழுதி, 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' என்ற ஆய்விதழில் வெளியிட்டார். 1823-இல் லாம்டன் காலமானபோது வேலை நின்றுவிடவில்லை. அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அதே வலையை வடக்கே கொண்டுபோனார். கணக்கிட ஆட்களும் இருந்தார்கள். 1831-இல் அத்துறையில் சேர்ந்த வங்காளத்து ராதாநாத் சிக்தாரின் பதவிப் பெயரே 'கம்ப்யூட்டர்' என்பதுதான்! ஒருவர் எழுதி வைத்த முறையை இன்னொருவர் படித்து, சோதித்து, தொடர்ந்து செய்தார். இன்று நாம் மென்பொருள் பகிர்வு என்று சொல்வதன் உட்பொருளும் இதுவே.

ஏரி ஏன் நகர்ந்தது?

பூமி முழு உருண்டை அன்று; துருவங்களில் சற்றே தட்டையானது. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டை என்று எவரெஸ்ட் 1830-இல் ஓர் அளவு கணித்தார். நடுக்கோட்டில் பூமியின் ஆரம் ஏறத்தாழ 6377.3 கி.மீ. என்பது அவர் கணக்கு. இந்திய சர்வேத் துறையின் பழைய வரைபடங்கள் இந்த அளவை வைத்து, மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு வரையப்பட்டவை.

செயற்கைக்கோள் காலத்தில் உலகம் முழுவதற்கும் பொருந்தும்படி வேறோர் அளவு வந்தது. டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று பெயர். அதில் ஆரம் 6378.137 கி.மீ. நம் செல்பேசியில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். பின்பற்றுவது இதையே. இரண்டு அளவுகளுக்கும் ஆரத்தில் 800 மீட்டருக்கு மேல் வித்தியாசம். மையப் புள்ளியும் வேறு. ஆகவே ஒரே இடத்திற்கு இரண்டு முறைகளிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வேறு வேறாக வரும். பழைய எண்ணை அப்படியே எடுத்துப் புதிய முறையில் வைத்தால், மைசூர்ப் பக்கத்தில் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். ஏரி சாலை மேல் ஏறியது இப்படித்தான். மாணவியின் தவறு அதில் ஒன்றுமில்லை. அந்தப் பழைய நிரலில் இருந்த எண்கள் வேறொரு பகுதிக்கான திருத்தமாக இருந்திருக்கலாம். எழுதி வைக்காததால் யாருக்கும் தெரியாது.

இதை விளையாட்டாக எண்ண வேண்டாம். ஏரியின் எல்லை எது, ஆக்கிரமிப்பு எது, யாருடைய வீடு வெள்ளப் பகுதியில் வருகிறது என்பதையெல்லாம் இப்போது இப்படிப்பட்ட கோடுகளே தீர்மானிக்கின்றன. நூறு மீட்டர் என்பது ஒரு தெருவின் நீளம். கோடு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு உண்டு. "எங்கள் கம்ப்யூட்டர் அப்படிச் சொல்கிறது" என்பது பதிலாகாது.

இந்த மாற்றத்தைச் செய்வதற்கு உலகம் முழுவதும் பயன்படும் நிரல்தொகுப்பு ஒன்று உண்டு. பெயர் 'ப்ராஜ்'. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் ஜெரால்ட் எவண்டன் 1980-களில் எழுதத் தொடங்கியது. எவரெஸ்ட் 1830-இல் கணித்த எண்களும் அதற்குள் பெயரோடு இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

கைமாறிக் கைமாறி வளர்ந்த 'கிராஸ்'

நிறுவனங்கள் பகிர்ந்துகொண்ட மென்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'கிராஸ்' என்னும் புவியியல் தகவல் அமைப்பு. இது பிறந்தது பல்கலைக்கழகத்தில் அன்று. அமெரிக்க இராணுவத்தின் கட்டுமான ஆய்வுக்கூடத்தில், இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் நகரில், 1982 முதல். இராணுவத்தின் வசமிருந்த பரந்த நிலங்களைக் கெடாமல் பராமரிக்க வேண்டும் என்பதே நோக்கம். அரசுப் பணத்தில் எழுதியது என்பதால் மூல நிரலோடு பொதுச் சொத்தாக வெளியிட்டார்கள். மற்ற அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் எடுத்துப் பயன்படுத்தின. தங்களுக்கு வேண்டிய புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தன.

1990-களின் நடுவில் அந்த ஆய்வுக்கூடம் இப்பணியிலிருந்து விலகிக்கொண்டது. சாதாரணமாக இத்தோடு ஒரு மென்பொருளின் ஆயுள் முடிந்திருக்கும். ஆனால் மூல நிரல் பலரிடம் இருந்தது. டெக்சாஸிலுள்ள பேலர் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் நெட்டலர் பொறுப்பெடுத்து வளர்த்தார். 1999-இல் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வந்தது. எடுத்துத் திருத்தி மற்றவருக்கு வழங்குபவர், தம் திருத்தத்தின் மூல நிரலையும் அதே உரிமையோடு வழங்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம். 2006-இல் இத்தகைய மென்பொருள்களுக்கெல்லாம் பொதுவாக 'ஓ.எஸ்.ஜியோ' என்ற அமைப்பு ஏற்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 'கிராஸ்' உயிரோடிருக்கிறது. அதைப் பெற்ற வீடு கைவிட்டும், வளர்த்த வீடுகள் பல.

இதே போல 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய 'ஜிடால்' என்ற தொகுப்பு, செயற்கைக்கோள் படங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பு வகைகளைப் படிக்கும். விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள் பலவும் உள்ளுக்குள் இதையே பயன்படுத்துகின்றன. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய 'க்யூஜிஸ்' இவற்றையெல்லாம் ஒரே திரையில் கொண்டுவந்து, சாதாரண மாணவரும் கையாளும்படி ஆக்கியது.

நம் நாட்டில்

நாம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1982-இல் இயற்கை வள விவரங்களை மாவட்ட அளவில் திரட்டும் திட்டமொன்றைத் தொடங்கியது. அதற்காக மும்பை ஐ.ஐ.டி. 'கிராம்' என்ற மென்பொருளை உருவாக்கியது. நம் நாட்டின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. படங்கள் குவிந்தன, அவற்றைப் படித்துக் கணக்கிடும் மென்பொருளின் விலை மட்டும் பல கல்லூரிகளுக்கு எட்டாததாயிருந்தது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புதிதாக எழுதத் தொடங்காமல், மேலே சொன்ன 'கிராஸ்' மென்பொருளையே அடித்தளமாக எடுத்து, அதன் மேல் எளிய திரைமுகப்பு ஒன்றை அமைத்தார்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கோலார் மாவட்டத்தின் நிலப்பயன்பாடு எப்படி மாறியது என்பதை இதைக் கொண்டு ஆராய்ந்து, 2004-இல் பாங்காக்கில் நடந்த 'கிராஸ்' பயனாளர் மாநாட்டில் வைத்தார்கள். அமெரிக்க இராணுவ நிலத்துக்காக எழுதியது, வறண்டுபோன கோலார் ஏரிகளின் நாட்டுக்குப் பயன்பட்டது!

மறுதிசையிலும் ஒன்று நடந்தது. 2008-இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர்த் தகவல் தளத்தில் பெங்களூர், புதுச்சேரி நிறுவனங்கள் பல கைகோத்தன. எந்தச் செடி, எந்தப் பறவை எங்கே காணப்பட்டது என்பதை வரைபடத்தில் பதியும் தளம் அது. அதன் மென்பொருளைத் திறந்த மூல நிரலாகவே வைத்தார்கள். அதனால் 2013-இல் பூடான் நாடு தன் பல்லுயிர்த் தளத்தை அமைத்தபோது அதே நிரலை எடுத்துத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. நாம் வாங்கியவர்கள் மட்டும் அல்லர், கொடுத்தவர்களும் ஆவோம்.

அரசும் இதை உணர்ந்தது. 2015-இல் மத்திய அரசு இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. திறந்த மூல மென்பொருளுக்கு அரசு அலுவலகங்கள் முன்னுரிமை தர வேண்டும் என்பது ஒன்று. ஒரு துறை எழுதிய நிரலை மற்றத் துறைகள் எடுத்து மேம்படுத்தும்படி திறந்துவைக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2021 பிப்ரவரியில் வரைபட விவரங்களின் மேலிருந்த கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. 2022 டிசம்பரில் தேசியப் புவிவெளிக் கொள்கை வந்தது.

திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

போதாது. வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு விளக்கேற்றாமல் இருந்தால் வருபவர் தட்டுத் தடுமாற வேண்டியதுதான். அந்த மாணவியின் கல்லூரி நிரலும் ஒரு வகையில் திறந்தே கிடந்தது. ஒரு நிறுவனத்தின் நிரல் இன்னொரு நிறுவனத்துக்குப் பயன்பட வேண்டுமானால் ஐந்து வேண்டும்.

1. உரிமம். யார் எடுக்கலாம், மாற்றலாமா, விற்கலாமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல் அடுத்த அதிகாரியைக் கட்டுப்படுத்தாது.

2. விளக்கம். ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது, எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற குறிப்பு.

3. சோதனை விவரம். விடை தெரிந்த சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. புதியவர் அதை ஓட்டிப் பார்த்து அதே விடை வந்தால் மேலே போகலாம். பெங்களூரில் லாம்டன் அளந்த கோடு இத்தகைய சோதனையே.

4. பொதுவான கோப்பு வகை. ஓர் அலுவலகத்தின் கணிப்பொறியில் மட்டும் திறக்கும் கோப்பு, பூட்டிய பெட்டிக்குச் சமம்.

5. பதில் சொல்ல ஆள். பிழை கண்டவர் தெரிவிக்க ஓரிடமும், அதைத் திருத்த ஒரு சிறு குழுவும்.

பெரும்பாலும் தடையாயிருப்பது தொழில்நுட்பம் அன்று, மனம்தான். "நம் குறை வெளியே தெரிந்துவிடுமே" என்ற கூச்சம் ஒரு பக்கம். "நாம் உழைத்ததை அவர்கள் சும்மா எடுப்பதா" என்ற எண்ணம் மறுபக்கம். விளக்கம் எழுதுவதற்கென்று நேரமோ பணமோ திட்டத்தில் ஒதுக்கப்படுவதில்லை. வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். பகிர்வதற்குச் செலவு உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். பகிராமல் பத்துப் பேர் பத்து முறை எழுதுவதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

ஒரே ஆறு, ஒரே கணக்கு

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். காவிரிப் படுகையின் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி நான்கிலும் விரிந்தது. மழை பெய்யும்போது குடகு மலையில் விழும் துளிக்கு மாநில எல்லை தெரியாது. எவ்வளவு நிலத்தில் நெல், எவ்வளவு நிலத்தில் கரும்பு, எந்த ஏரி நிறைந்தது என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும்போது இரு பக்கத்திலும் இரு வேறு நிரல் ஓடினால் இரு வேறு விடை வரும். அப்போது விடையைப் பற்றிய சண்டையில், முறையைப் பற்றிய சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

பொதுவான, திறந்த நிரல் இருந்தால் தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு என்பது நியாயம் பேசித் தீர்க்க வேண்டியது, கணிப்பொறி தீர்க்காது. ஆனால் எதில் நாம் வேறுபடுகிறோம், எதில் வேறுபடவில்லை என்பதையாவது பிரித்துப் பார்க்கலாம். தமிழ் பேசிக்கொண்டு கன்னட நாட்டில் வாழும் நமக்கு அதன் அருமை மற்றவர்களைவிட அதிகம் தெரியும்.

செய்து பார்க்க

மாணவ மாணவிகளுக்கு ஒரு சிறு பயிற்சி. 'க்யூஜிஸ்' மென்பொருளை இலவசமாகப் பதித்துக்கொள்ளுங்கள். மைசூருக்கு அருகே ஏதேனும் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, முதலில் 'கலியான்பூர் 1975' என்ற முறையிலும், பிறகு அதே எண்ணை 'டபிள்யூ.ஜி.எஸ். 84' முறையிலும் வைத்துப் பாருங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முறைமாற்றம் செய்த எண்ணை வையுங்கள். முழுத் துல்லியம் வராது, சில பத்து மீட்டர் பிசகு இருக்கலாம்; ஏன் என்று ஆசிரியரைக் கேளுங்கள். கடைசியாக, செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் நண்பரிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமல் அவரால் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். பயிற்சியின் முக்கியப் பகுதி அந்தக் கடைசி வரிதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஏரி அன்று மாலையே ஏறத்தாழ தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் மறுபடி வந்தாள். "மாமா, அந்தப் பழைய நிரலைத் தூக்கிப் போடலே. எண்களை மாத்தி, ஒவ்வொண்ணும் என்னன்னு பக்கத்திலேயே எழுதிட்டேன். சோதிச்சுப் பார்க்க நம்ம ஏரியையும் சேர்த்து வச்சிருக்கேன். அடுத்த வருஷப் பசங்களுக்கு உதவும்" என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்தது ஏரியை நகர்த்துவதை மட்டும்தான். மற்றதை அவளே கற்றுக்கொண்டாள்.